செம்மண்ணில் பந்தின் தடம்

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தின நட்பு டென்னிஸ் ஆட்டத்தில் திருநெல்வேலிக்காரர்களை மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். எழுத முடியவில்லை.

இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி ஜெசிந்தா. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். நல்ல ஃபோர்ஹேண்ட், பொறுமைதான் போதாது. இரண்டாவது செட் நான்குக்கு நான்கு என்று இருந்தபோது எதிராளி அடித்த பந்து அவளுடைய பக்கக்கோட்டில் விழுந்தது. சுண்ணாம்பு பறந்ததை நான் வலையருகே நின்று பார்த்தேன். ஜெசிந்தா விரலைத் தூக்கி "அவுட்" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்துவிட்டது.

எங்கள் ஆட்டங்களில் நடுவர் நாற்காலி கிடையாது. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும். எதிராளி அதை ஏற்றுக்கொள்வார். இதை நம்பித்தான் இந்த விளையாட்டே நடக்கிறது. கிளப் அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "உங்கள் பக்கத்துப் பந்துக்கு நீங்களே நீதிபதி. சந்தேகம் இருந்தால் புள்ளி எதிராளிக்கு." பன்னிரண்டு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. எழுத்து மங்கும்போதெல்லாம் நான் புதிதாக எழுதி ஒட்டுகிறேன்.

அந்த இடத்திலேயே புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு தேநீர் நேரத்தில் ஜெசிந்தாவை மைக் முன்னால் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

"வாய் தவறிட்டுக்கா. வேணும்னேவா சொல்லுவேன்? எல்லாரும் இருக்காவளே."

"எல்லாரும் இருக்கப்பதான் சொன்ன. எல்லாரும் இருக்கப்பவே கேளு."

கேட்டாள். கண் கலங்கியது. கலங்கட்டும். கான்வென்டில் எனக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பெனடிக்டா இருந்திருந்தால் அவளை ஒரு மாதம் பந்து பொறுக்க வைத்திருப்பார்.

ஜனவரி 30, வியாழன்

மாநில மூத்தோர் போட்டி இந்த வருடம் தூத்துக்குடியில், எங்கள் கிளப்பிலேயே. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் மூன்றே பேர். மற்றவர்களுக்கெல்லாம் முழங்கால் போய்விட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் ஆட வேண்டும். முதல் இரண்டு பேர் சனிக்கிழமை இறுதி ஆட்டம் ஆடுவார்கள். நான், வாணியம்பாடியிலிருந்து பர்வீன் என்று ஒருத்தி, பிறகு கோயம்புத்தூர் கமலவேணி.

கமலவேணியைப் பற்றி எழுதியாக வேண்டும். எழுபது வயது. தன் வயதுப் பிரிவில் பதினோரு வருடமாக இந்த மாநிலத்தில் யாரிடமும் தோற்றதில்லை. நான் நான்கு இறுதி ஆட்டங்களில் அவரிடம் தோற்றிருக்கிறேன். நான்கிலும் ஏதோ ஒரு கட்டத்தில் நான்தான் முன்னிலையில் இருந்தேன். இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை, புள்ளிக்கணக்கு அப்படித்தான் சொல்கிறது. முக்கியமான புள்ளி வரும்வரை அவரைவிட நான் நன்றாக ஆடுகிறேன். அந்தப் புள்ளி வந்ததும் என் கை மரக்கட்டையாகிவிடுகிறது. இரண்டு சர்வீஸையும் வெளியே போட்டு டபுள் ஃபால்ட். அல்லது சுலபமான பந்தை வலையில் அடிப்பேன்.

அவருக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. முதல் புள்ளியை ஆடுவது போலவே கடைசிப் புள்ளியையும் ஆடுகிறார். நெருக்கடி வந்தால் குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிறார், எழுந்து ஆடுகிறார், வெல்கிறார். அந்த லேஸ் ஏன் எப்போதும் அந்த நேரம் பார்த்து அவிழ்கிறது என்று தெரியவில்லை. வசதியான குடும்பம்தான், நல்லதாக ஒரு ஜோடி வாங்கக் கூடாதா.

காலையில் கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் மனதிலேயே மூன்று செட் ஆடி முடித்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கோர்ட்டுக்குத் தேரிக்காட்டுச் செம்மண் புதிதாகக் கொட்டி, உருளை இழுத்து, உப்புத் தூவித் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். உப்புப் போட்டால் ஈரம் நிற்கும். இந்த ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம். கோடுகளுக்குச் சுண்ணாம்பு. மண் ரத்தம் மாதிரிச் சிவப்பாக இருக்கிறது. பந்து விழுந்தால் தடம் நாணயம் பதித்தது போல நிற்கிறது.

மாலையில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் விதிகளை வாசித்துக் காட்டும்படி ரெஃப்ரி திருமலைக்கொழுந்து என்னைக் கேட்டுக்கொண்டார். "உங்க சத்தத்துக்கு மைக் வேண்டாம் மேடம்" என்றார். வாசித்தேன். எதிராளிக்குச் சந்தேகம் இருந்தால் வலையைச் சுற்றி வந்து தடத்தைப் பார்க்கலாம். பார்க்கும் முன் யாராவது தடத்தை அழித்தால், அழித்தவருக்குப் புள்ளி கிடையாது. இந்த இடத்தை இரண்டு முறை வாசித்தேன்.

பர்வீன் வந்து கை கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவளாம். ஐம்பது வயதில் முதல் முறையாக ராக்கெட்டைப் பிடித்தாளாம். கையைப் பார்த்தாலே தெரிகிறது, கரண்டி பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கரண்டிக்காரியிடம் தோற்றேன். இரண்டுக்கு ஒன்று. எதை அடித்தாலும் திருப்பி அனுப்புகிறாள். அழகே இல்லாத ஆட்டம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5, புதன்

கமலவேணி பர்வீனை நேர் செட்களில் வென்றார். நாளை நான் தோற்றால் அவர்கள் இருவரும் இறுதி ஆட்டத்துக்குப் போவார்கள். நான் வென்றால் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு வெற்றி; வென்ற செட்களையும் தோற்ற செட்களையும் எண்ணினால் பர்வீன்தான் வெளியேறுவாள் என்று ரெஃப்ரி காகிதத்தில் போட்டுக் காட்டினார்.

கேஸ் சிலிண்டர் வந்தது. சாயங்காலம் இரண்டு வேட்டி கிழித்துக் கைப்பிடித் துணிகள் தைத்தேன். வீட்டுக்காரர் வேட்டிதான். அருள்ராஜ் போய் நான்கு வருடமாகிறது. வேட்டிகளை இன்னும் அலமாரியில் அடுக்கி வைத்து என்ன செய்ய.

பிப்ரவரி 6, வியாழன்

வென்றேன். கமலவேணியை வென்றேன். எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

முதல் செட் அவருக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக், எங்கள் இதயங்களைக் கருதி வைத்த ஏற்பாடு. எட்டுக்கு எட்டு. அவர் லேஸ் கட்டினார். என் கை மரமாகிக்கொண்டிருந்தது, ஆனால் அடுத்த புள்ளியில் அவர் பந்தை வலையில் அடித்தார். அவரா, வலையிலா. ஒன்பதுக்கு எட்டு. ஒரே ஒரு புள்ளி போதும்.

நீளமாக ஆடினோம். பிறகு அவர் குறுக்காக ஒரு பந்தை ஆழமாக அடித்தார். என் இடது காலுக்குப் பக்கத்தில் பின்கோட்டருகே விழுந்தது. நான்கு விரல் வெளியே. "அவுட்" என்றேன். குரல் தெளிவாக இருந்தது. கொஞ்சம் சீக்கிரம் வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பழக்கத்தில் காலால் மண்ணைச் சரி செய்தேன். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் கோட்டருகே மண்ணைச் சமப்படுத்துவது என் வழக்கம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கமலவேணி வலையருகே வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் ஷூவைப் பார்த்தார். "உங்க பக்கமுங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று கையை நீட்டினார். அந்தக் கை ஜில்லென்று வேர்த்திருந்தது.

கிளப்பே எழுந்து நின்று கைதட்டியது. பர்வீன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, என்னைய ஊருக்கு அனுப்பிட்டீங்களே" என்று சிரித்தாள். "ஆனா போமாட்டேன். டிக்கெட் ஞாயித்துக்கிழமைக்குத்தான். ஃபைனல்ல உங்களுக்குத்தான் கைதட்டுவேன்."

பிறகு என் பக்கத்தில் நின்றபடியே வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "நீங்க வர வேணாங்க. கேன்சல் பண்ணிடுங்க. நான் இல்ல ஃபைனல்ல."

ஜெசிந்தா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த பெஞ்ச் பின்கோட்டுக்கு நேராக இருக்கிறது.

"என்ன, வாழ்த்துச் சொல்ல மாட்டியா?"

"சொல்லுதேன்க்கா. வாழ்த்துகள்." கொஞ்சம் நிறுத்தி, "நான் ஒண்ணும் பாக்கலக்கா" என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லையே. எதற்கு அப்படிச் சொன்னாள் என்று புரியவில்லை.

அதே நாள், மாலை

ஷூவைத் துடைத்தேன். எப்போதும் அன்றைக்கே துடைத்துவிடுவேன், செம்மண் காய்ந்தால் போகாது. இடது ஷூவின் முனையில் சிவப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு இழுப்பு. சுண்ணாம்பு.

மூன்று மணி நேரம் ஆடினால் சுண்ணாம்பு எங்கேயும் ஒட்டும். வலது ஷூவில் இல்லை. வலது காலால் கோட்டை மிதிக்கவில்லை போலிருக்கிறது.

எப்படிப் பார்த்தாலும் மூன்று விரலாவது வெளியேதான்.

மஸ்கட்டிலிருந்து ராபின் பேசினான். "அம்மா, சாம்பியனயே சாச்சிட்டியாமே" என்றான். ஆமாம் என்றேன். எப்படி என்று கேட்டான். முக்கியமான நேரத்தில் நிதானமாக இருந்தேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுந்ததிலிருந்து ஒரே ஒரு விஷயம் மனதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பந்து விழும் சத்தம் என் குரலுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா. முன்னால் வந்திருக்க வேண்டும். வேறு எப்படி.

அருள்ராஜ் ஒரு முறை கிண்டல் செய்தார்: "பியூலா, ஒஞ் சத்தம் பந்துக்கு முந்தில்லா வருது." அது பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு சாதாரண ஆட்டம். அன்றைக்கு அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. டென்னிஸ் ஆடத் தெரியாதவர், அவருக்கு என்ன தெரியும்.

ஒரு விரல் வெளியே. ஒரு விரல் என்றாலும் வெளியே வெளியேதான்.

அதே நாள், மதியம்

கமலவேணி வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டைத் தேடி ஆட்டக்காரர் வருவது எங்கள் போட்டிகளில் வழக்கமில்லை. நல்ல தட்டில் முந்திரி மக்ரூன் வைத்துக் காபி கொடுத்தேன். ஒன்றை எடுத்து மெதுவாகத் தின்று, நன்றாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, நேத்து அந்தப் பந்து உள்ளதானுங்க விழுந்துது."

அறுபத்தெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

"நீங்க பாத்தீங்களா?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"வலைக்கு அந்தப் பக்கம் இருந்து எனக்கென்னங்க தெரியும். பந்தப் பாக்கல. உங்க காலப் பாத்தேன். வெளிய விழுந்த பந்த யாருங்க அவ்வளவு அவசரமா மிதிப்பாங்க."

"அப்ப ஏன் கேக்கல? விதி இருக்கே. நானே வாசிச்சேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதச் சொல்லத்தானுங்க வந்தேன். கேட்டிருக்கோணும். கேட்டா ஒம்போதுக்கு ஒம்போது. இன்னம் ரெண்டு பாயின்ட் ஆடோணும். என்னால முடியாதுன்னு தோணுச்சுங்க. முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. நெஞ்சு அப்பிடி அடிச்சுது."

"உங்களுக்கா?"

"எனக்கென்னங்க, நெஞ்சு இல்லையா? எட்டுக்கு எட்டுல வலையில அடிச்சனே, எதுக்குன்னு நெனச்சீங்க? பயமெல்லாம் போகவே போகாதுங்க. பயம் வந்தா நான் லேஸக் கட்டுவேன். லேஸ் ஒரு நாளும் அவுந்ததில்லீங்க. சும்மா அவுத்துக் கட்டுவேன்."

பதினோரு வருடம். அந்த லேஸ் ஒரு முறைகூட அவிழவில்லை. என்னிடம் அவர் பயந்தார் என்ற எண்ணம் ஒரு கணம் இனித்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு கணம்தான்.

"எனக்கு இதுல நட்டம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். "தோத்தாலும் நான் ஃபைனல்லதான் இருக்கேன். நட்டம் உங்களுக்கும் இல்ல. அந்த வாணியம்பாடி அம்மாவுக்குத்தானுங்க. நீங்க சொன்ன பொய்யும் நான் கேக்காம விட்டதும், ரெண்டும் அவங்க தலையிலதான் விழுந்துது."

பொய் என்ற சொல்லை என் வீட்டு நடுக்கூடத்தில் வைத்துச் சொன்னார். அருள்ராஜ் படத்துக்குக் கீழே.

"ரெஃப்ரிகிட்ட நான் சொல்ல முடியாதுங்க. பந்த நான் பாக்கல. பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான்." எழுந்துகொண்டார். "வர்றனுங்க. காப்பி நல்லாருந்துச்சு."

ஒரு நூல். ஒரு நூல் வெளியே இருந்திருக்கலாம்.

அதே நாள், மாலை

கிளப்புக்குப் போனேன், ரெஃப்ரியிடம் பேசுவதற்காக. வாசலில் பர்வீன் நாலு பேரை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தன் மணிக்கட்டில் இருந்த பட்டையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். "நாளைக்கு வேர்வைக்கு இது நல்லாருக்கும்க்கா. ராசியானது. இது போட்டுத்தான் உங்கள ஜெயிச்சேன்." எல்லோரும் சிரித்தார்கள்.

ரெஃப்ரி இருந்தார். நாளைய ஆட்டங்களுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம், சொல்லுங்க" என்றார். பந்துகள் புதிதா என்று கேட்டேன். புதிதுதான் என்றார். நின்றுகொண்டே பேசக்கூடிய விஷயம் இல்லை இது. தவிர, கிளப் தலைவரும் பக்கத்தில் இருந்தார். சாம்பியன் பலகையில் பெயர் எழுதும் பெயின்டருக்குச் சொல்லிவிட்டதாக என்னிடம் கண்ணைக் காட்டிச் சிரித்தார்.

நாளை நானே தோற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். கோப்பை கமலவேணிக்குப் போகும், யாருக்கும் குறை இருக்காது. இதுதான் நேர்மையான வழி என்று படுகிறது.

பிப்ரவரி 8, சனி

ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

தோற்கத்தான் போனேன். ஆனால் தோற்க நினைப்பவருக்குக் கை மரமாவதில்லை என்று எனக்கு இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை. பந்து என் ராக்கெட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. முதல் செட் எனக்கு. நானே பயந்துபோய் இரண்டாவது செட்டில் நாலு டபுள் ஃபால்ட் போட்டேன். அது அவருக்கு. மறுபடியும் டை-பிரேக். மறுபடியும் எட்டுக்கு எட்டு. கமலவேணி லேஸைக் கட்டினார். அவிழாத லேஸ் என்று இந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து ஒரு ஸ்லைஸ் அடித்தார், நான் தொட்டேன், பந்து வலை விளிம்பில் இடறி அவர் பக்கம் விழுந்தது.

ஒன்பதுக்கு எட்டு. எனக்கு.

பின்கோட்டுக்கு நேராக அதே பெஞ்சில் ஜெசிந்தாவும் பர்வீனும் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த பந்தை அவர் நீளமாக அடித்துவிட்டார். காற்றில் வரும்போதே தெரிந்தது. என் இடப்பக்கம், அதே மூலை. வெளியே விழுந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவுட் என்று சொல்லாவிட்டால் பந்து உள்ளே என்று அர்த்தம். திருப்பி அடிப்பது போல அடித்து வலையில் போட்டேன். ஒன்பதுக்கு ஒன்பது. மனம் லேசாகிவிட்டது. கொடுத்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

கமலவேணி நகரவில்லை.

"ஏனுங்க, அது வெளியங்க."

"இல்ல. உள்ள."

"வெளியங்க."

"என் பக்கம். நான் சொல்றதுதான்."

அவர் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வலையைச் சுற்றி நடந்து வந்தார். எழுபது வயது, இரண்டு மணி நேரம் ஆடிய கால், மெதுவாகத்தான் வர முடிந்தது. தடத்தின் பக்கத்தில் குனிந்து, கோட்டுக்கும் அதற்கும் நடுவே மூன்று விரலை வைத்துக் காட்டினார். மூன்று விரலும் செம்மண்ணில் தாராளமாகப் படிந்தன.

எனக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்குப் பிச்ச வேண்டாமுங்க" என்றார். "அன்னிக்கு உள்ள விழுந்தத வெளியன்னீங்க. இன்னிக்கு வெளிய விழுந்தத உள்ளங்கறீங்க. உங்களுக்குப் பந்த விழுந்த எடத்துல விடவே தெரியாதுங்களா?"

ரெஃப்ரி வந்தார். தன் பந்து வெளியே என்று அடித்தவரே சொன்னால் அது வெளியேதான் என்றார். பத்துக்கு எட்டு. ஆட்டம், போட்டி, கோப்பை எல்லாம் எனக்கு.

கைதட்டல் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. என் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவை என்னுடைய கால்கள்தானா என்று தோன்றியது. இந்த வாயை நான் ஆயுள் முழுவதும் நம்பியிருந்தேன்.

பரிசளிப்பு நான்கு மணிக்கு. தலைவர் நேர்மை என்ற சொல்லை என் பெயரோடு சேர்த்து மூன்று நான்கு முறை சொன்னார். அறிவிப்புப் பலகையில் இருக்கும் தாளைப் பற்றியும் சொன்னார். கோப்பையைக் கொடுத்துவிட்டு மைக்கையும் கொடுத்தார். ஜெசிந்தா நின்ற அதே இடம். அந்த மைக் கையில் இவ்வளவு கனக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"வியாழக்கிழமை கடைசிப் பந்து உள்ளே விழுந்தது" என்று சொன்னேன். "கோட்டின் மேல் விழுந்தது. நான் வெளியே என்று பொய் சொன்னேன். தடத்தைக் காலால் அழித்தேன். அந்தப் புள்ளி என்னுடையது இல்லை. இந்தக் கோப்பையும் இல்லை."

பிளாஸ்டிக் தட்டுகள் காற்றில் படபடத்தன. ரெஃப்ரி தலைவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, "மேடம், ஆட்டம் முடிஞ்சு பதிவாயிட்டு. இனி ஒண்ணும் மாத்த முடியாது. நீங்க சொன்னதே பெரிய விஷயம்" என்றார். இதைக் கேட்டுச் சிலர் கைதட்டவும் செய்தார்கள். நான் செய்ததற்கு என்ன கைதட்டல்.

கீழே இறங்கினேன். பர்வீன் இரண்டாவது வரிசையில் இருந்தாள். நேராக அவளிடம் போய் "மன்னிச்சிருங்க" என்றேன். கோப்பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கோபமும் இல்லை. கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு தப்பைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"இத நேத்தே சொல்லியிருந்தா நான் ஆடியிருப்பேன்க்கா. அவரும் வந்திருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னாள்.

மணிக்கட்டில் அவளுடைய பட்டை அப்படியே இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். பர்வீன் ஏற்கெனவே பெட்டிக்குள் ஏறிவிட்டாள், கண்ணாடி மூடியிருந்தது. நான் நின்றதைப் பார்த்தாளா என்று தெரியாது.

கமலவேணி நேற்றே காரில் போய்விட்டாராம்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் வழக்கம் போலக் கிளப்புக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், ஷூவை மாட்டிய பிறகுதான் போகிறேன் என்பதே தெரிந்தது.

சாம்பியன் பலகையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. "திருமதி பியூலா அருள்ராஜ்." வருடத்துக்கு எதிரே இடத்தைக் காலியாக விட முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டாராம். எழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே என் தாள். இரண்டையும் ஒரே பார்வையில் வாசிக்கலாம். தாளைக் கிழித்துவிடக் கை போனது. விட்டுவிட்டேன். கிழித்தால் அதுவும் ஒரு தடத்தை அழித்ததாகத்தான் ஆகும்.

கோர்ட்டில் ஜெசிந்தா மட்டும் இருந்தாள். மற்றவர்கள் தூரத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள், வெகுநேரமாக.

"ஆடுவமாக்கா?"

"அன்னிக்கு மைக்ல உன்னய நிக்க வச்சேனே" என்று ஆரம்பித்தேன்.

"நான் நின்னுட்டேம்லா. நீங்களும் நின்னுட்டிய. பந்தப் போடுங்க."

ஆடினோம். நாலைந்து பந்து சும்மா அடித்தோம். பிறகு அவள் குறுக்காக ஒன்று போட்டாள். என் இடப்பக்கம், பின்கோட்டருகே விழுந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது, விரல் தூக்கப் போனது. மூடினேன். கையை இறக்கினேன். கீழே பார்த்தேன். தடம் இருந்தது. அது என்ன சொல்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் படிப்பது நான் என்பதுதான் பிரச்சினை.

"என்னக்கா, உள்ளயா வெளியவா?"

"நீயே வந்து பாரு."

அவள் ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். அவசரமே இல்லை அவளுக்கு. நான் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அவள் வந்து சேரும்வரை அசையாமல் நின்றேன்.